கலாசாலை வாத்தியாரைப் பிடித்திருப்பது சனியா?

(ஒரு சுயமரியாதைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கலாசாலைகளிலும் சர்வகலாசாலைகளிலும் புதிதாக வாத்தியார் வேலைக்குள் நுழைந்திருக்கும் வாலிபர்களுடையவும் பெண்களுடையவும் கதியைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், “நமக்குக் கூலி உயரவில்லை, விளைந்த நெல்லுக்கு விலையில்லை, எம்.ஏ.யும் டாக்டர் பட்டமும் வாங்கினவர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று நினைக்கலாம். அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் இரண்டு சங்கதிகளை மாத்திரம் யோசித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.

ஒன்று, அந்த வாத்தியார் யார் என்பது. அவர் ஆகாயத்திலிருந்து குதித்தவரல்ல. ஆட்டை விற்று, அரைக்காணி நிலத்தை ஒத்திக்கு வைத்து, உங்களைப் போன்றவர்கள் படிக்க வைத்த பிள்ளை. அவர் வீட்டில் முதல் முதல் கலாசாலை வாசற்படி மிதித்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். இரண்டாவது, அவரிடம் படிக்கிறவர் யார் என்பது. பணக்காரன் தன் பிள்ளையைப் பணம் கட்டிப் படிக்க வைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. சர்க்கார் கலாசாலைக்கு வருகிறவர்கள் உங்கள் பிள்ளைகளே. ஆதலால் இது யாரோ படித்த மேதாவிகளின் சம்பளத் தகராறு அல்ல. உங்கள் வீட்டுச் சங்கதியேயாகும்.

பெயரில் கௌரவம்

நமது ராஜ்யத்தில் சர்க்கார் கலைக் கலாசாலைகளில் தற்காலிகமாக வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான வாத்தியார்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது “கௌரவ விரிவுரையாளர்” என்பதாகும். கௌரவம் என்கிற பதத்தை இவ்வளவு மலிவாக வேறெங்கும் விற்றதாக நமக்குத் தெரியவில்லை. வேலை என்னவோ நிரந்தர வாத்தியார் செய்கிற அதே வேலைதான். அதே பாடம், அதே கரும்பலகை, அதே பரீட்சை மேற்பார்வை, அதே விடைத்தாள். வித்தியாசமெல்லாம் சம்பளத்தில்தான் இருக்கிறது.

கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். ஏழாவது சம்பளக் கமிஷன் திட்டப்படி உதவிப் பேராசிரியராக நிரந்தரமாக நுழைகிறவருக்கு அடிப்படைச் சம்பளமே மாதம் ரூ.57,700. பஞ்சப்படி முதலியவை அதற்கு மேல். கௌரவ விரிவுரையாளருக்கோ ரூ.15,000 என்றும், பிறகு ரூ.20,000 என்றும், அதற்கும் பிறகு ரூ.25,000 என்றும் ஏதோ இரக்கத்தின் பேரில் உயர்த்தினார்கள். அதுவும் வருஷத்துக்கு 11 மாதம். மே மாதம் லீவானதால் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் வாத்தியாருடைய வயிறும் லீவு எடுத்துக்கொள்ளும் என்பது சர்க்காரின் எண்ணம் போலும்! ரூ.25,000 வீதம் 11 மாதத்துக்கு ரூ.2,75,000. நிரந்தரக்காரருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் 12 மாதத்துக்கு ரூ.6,92,400. அதாவது ஒரே வேலைக்கு அவர் ஒரு ரூபாய் வாங்கினால் இவருக்கு நாற்பது காசு கூடத் தேறவில்லை. இதற்குப் பெயர் கௌரவம் என்றால் அகௌரவம் என்பது எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது நாமாகக் கற்பித்துச் சொல்லும் நியாயமல்ல. சர்வகலாசாலை மான்யக் குழு, அதாவது யு.ஜி.சி. என்பது, 2018-ம் வருஷத்தில் செய்த விதியில், காண்டிராக்ட் வாத்தியார்கள் மொத்த இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாதென்றும், அவர்களுக்குக் கொடுக்கும் தொகை நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையக் கூடாதென்றும் சொல்லியிருக்கிறது. 2019-ம் வருஷத்தில் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்பு ஒன்றுக்கு ரூ.1,500, மாதத்துக்கு ரூ.50,000 வரை கொடுக்கலாம் என்றும் அதே குழு எழுதிற்று. விதி புத்தகத்தில் இருக்கிறது. வாத்தியார் தெருவில் இருக்கிறார்.

சனியும் சர்க்காரும்

இந்த நிலையில் உள்ள வாத்தியாரின் வீட்டில் என்ன நடக்கிறது? மகனுக்கு வயது 38 ஆகியும் வேலை நிரந்தரமாகவில்லையே என்று தாயார் ஜோசியனிடம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவன் சனி பார்க்கிறான் என்கிறான். குரு பெயரவேண்டும் என்கிறான். இன்ன கோவிலுக்குப் போய் எள்விளக்குப் போடு, இவ்வளவு தட்சணை வை என்கிறான். பௌதிக சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, சனி என்பது சூரியனைச் சுற்றும் ஒரு கிரகம் என்று பிள்ளைகளுக்குப் பகலில் பாடம் சொல்லுகிற வாத்தியாரே, சாயந்திரம் அந்தச் சனிக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு போகிறார் என்றால் இதைவிடப் பரிதாபம் வேறு உண்டா?

சனியின் யோக்கியதையைத்தான் பாருங்களேன்! ஏழரை நாட்டுச் சனி என்று சொல்லுகிறவனே, ஏழரை வருஷத்தில் அது விட்டுப் போய்விடும் என்றும் சொல்லுகிறான். நமது கலாசாலைகளில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சனியைவிடச் சர்க்கார் கெட்டியாய்ப் பிடித்துக்கொள்ளுகிறது என்பது விளங்கவில்லையா?

வேலை கிடைக்காததற்குக் காரணம் வானத்தில் இல்லை; காகிதத்தில் இருக்கிறது. 2019-ம் வருஷத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம் சர்க்கார் கலாசாலைகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உதவிப் பேராசிரியர்கள் தேவை என்று விளம்பரம் செய்தது. மனுப் போட்டவர்கள் காத்திருந்தார்கள், நியமனம் நடக்கவேயில்லை. 2024 மார்ச்சு மாதம் 4,000 இடங்களுக்கு விளம்பரம் செய்து, ஆகஸ்டு 4-ந் தேதி பரீட்சை என்றார்கள். அந்தத் தேதியில் பரீட்சை நடக்கவில்லை. 2025-ல் மறுபடியும் புதிதாக ஒரு விளம்பரம் வந்தது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இடையே எத்தனை பேருக்கு வயது ஏறிற்று, எத்தனை கலியாணம் நின்றது, எத்தனை வீட்டில் வட்டி ஏறிற்று என்பதை எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்க்க வேண்டியதில்லை. நாள் குறித்தவர்கள் நாளைத் தவறவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

காத்திருக்க யாரால் முடியும்?

இதில் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பி.ஏ.க்கு 3 வருஷம், எம்.ஏ.க்கு 2 வருஷம், டாக்டர் பட்டத்துக்கு நாலைந்து வருஷம், அதற்கிடையில் நெட் அல்லது செட் பரீட்சை. ஆக 17 வயதில் புறப்பட்டவன் 28 வயதில்தான் மனுப் போடவே யோக்கியதை பெறுகிறான். நடுவழியில் விதியும் மாறும். சர்வகலாசாலையில் உதவிப் பேராசிரியராவதற்கு டாக்டர் பட்டம் கட்டாயம் என்று 2018-ல் விதித்தார்கள். 2021-ல் அமலுக்கு வரவேண்டியதை 2023-க்குத் தள்ளினார்கள். 2023 ஜூலை முதல் நெட், செட் முதலிய பரீட்சையே போதும் என்றார்கள். நியாயமான மாறுதலாகவே இருக்கட்டும். ஆனால் கட்டாயம் என்று நம்பிக் கடன் வாங்கினவனுக்கு வட்டியை யார் கொடுப்பது?

அதற்குப் பிறகு பத்து வருஷம் அரைவயிற்றுச் சம்பளத்தில் காத்திருக்க வேண்டுமானால் யாரால் முடியும்? பாட்டன் சொத்து உள்ளவனால் முடியும். அப்பன் பென்ஷன் வாங்குகிறவனால் முடியும். பட்டணத்தில் சொந்த வீடு உள்ளவனால் முடியும். கூலிக்காரன் மகனால் முடியாது. விதவைத் தாயின் மகளால் முடியாது. அவர்கள் பாதி வழியில் விட்டுவிட்டு, கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பிறகு, “தாழ்த்தப்பட்ட வகுப்பில் தகுந்த ஆட்கள் வரவில்லையே, நாங்கள் என்ன செய்வது?” என்று கைவிரிப்பார்கள். ஆகவே தற்காலிக வேலை என்பது சிக்கன ஏற்பாடு மாத்திரமல்ல. ஜாதியின் பேரைச் சொல்லாமலே ஜாதி வேலையைச் செய்யும் சல்லடையுமாகும்.

வகுப்புவாரி உரிமைக்கு வைக்கப்படும் உலை

வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக இந்த நாட்டில் நடந்த கிளர்ச்சி உங்களுக்குத் தெரியும். ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை 1921-ல் உத்தரவு போட்டும் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1928-ல் தோழர் எஸ்.முத்தையா முதலியார் மந்திரியாய் இருந்தபோதுதான் 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லீம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 1 என்பது அமலுக்கு வந்தது. கலாசாலைச் சேர்க்கை சம்பந்தமாக 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்ததன் பலனாய் அதே வருஷத்தில் அரசியல் சட்டமே முதல் தடவையாய்த் திருத்தப்பட்டது. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை இப்போது எப்படிச் சாத்துகிறார்கள் என்றால், ஓசைப்படாமல் சாத்துகிறார்கள்.

2017-ல் அலகாபாத் ஐக்கோர்ட்டு, வாத்தியார் வேலைகளில் இடஒதுக்கீட்டுக்குச் சர்வகலாசாலை முழுவதையும் ஒன்றாகக் கணக்கெடுக்கக் கூடாது, ஒவ்வொரு பாடப் பிரிவையும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்றது. கேட்பதற்குச் சாதுவான வார்த்தைதான். ஆனால் வரிசைக் கிரமப்படி நாலாவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கும், ஏழாவது இடம் தாழ்த்தப்பட்டோருக்கும், பதினாலாவது இடம் மலைவாசிகளுக்கும் வரும். ஒரு பிரிவில் மொத்தமே மூன்று வாத்தியார் என்றால் நாலாவது இடம் எந்தக் காலத்தில் வரும்? ஏழாவதும் பதினாலாவதும் எந்த யுகத்தில் வரும்? இருக்கிற நூறு இடத்தையும் மூன்று மூன்றாக நறுக்கிவிட்டால் இடஒதுக்கீடு என்பது சட்டத்தில் இருக்கும், சாப்பாட்டில் இராது. நாடெங்கும் கிளர்ச்சி ஏற்பட்டு, 2019-ல் சர்வகலாசாலையையே ஒன்றாகக் கணக்கெடுக்க வேண்டுமென்று பார்லிமெண்டில் சட்டம் செய்த பிறகே அது நின்றது. கிளர்ச்சி செய்தார்கள், நின்றது. பிரார்த்தனை செய்து நிற்கவில்லை.

இன்னொரு வித்தை, “தகுதியுள்ளவர் எவரும் கிடைக்கவில்லை” என்று எழுதி ஒதுக்கப்பட்ட இடத்தைக் காலியாகவே போட்டு வைப்பதாகும். டாக்டர் பட்டம் வாங்கி, நெட் பரீட்சை தேறி, புத்தகமும் எழுதினவனை, பத்து நிமிஷம் எதிரில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத் தகுதியில்லை என்று எழுதுகிறவர்களுக்கு எந்தத் தகுதி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் காலியாய்க் கிடக்கும் இடத்தைப் பொது இடமாக மாற்றிக்கொள்ள வழி சொல்லும் நகல் விதி ஒன்றை 2023 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்டுப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அப்படிச் செய்யப் போவதில்லை என்று பின்வாங்கினார்கள்.

தகுதியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். 1918-ல் பம்பாய் சைடன்ஹாம் கலாசாலையில் டாக்டர் அம்பேத்கர் பொருளாதார சாஸ்திரப் பேராசிரியராய் அமர்ந்தார். அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெற்று வந்தவர். அப்படிப்பட்டவர் வாத்தியார்கள் அறையில் இருந்த பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதை மற்ற வாத்தியார்கள் ஆட்சேபித்தார்கள். தகுதி என்ன குறைவாயிருந்தது? ஆகவே தகுதி தகுதி என்று கத்துவதெல்லாம் பல சமயங்களில் அந்தத் தண்ணீர்ப் பானையைக் காப்பாற்றத்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

குருபக்தியின் யோக்கியதை

டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவன் ஒரு வழிகாட்டியின் கீழ் இருக்க வேண்டும். யோக்கியமான வழிகாட்டிகள் அநேகர் உண்டு. அவர்களை நாம் போற்றுகிறோம். ஆனால் வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் பட்டம், போடாவிட்டால் பட்டை நாமம் என்று ஒரே மனிதன் கையில் ஒருவனுடைய ஐந்து வருஷ வாழ்வை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? கடைக்குப் போய் வருவதும், வீட்டுக் கலியாணத்தில் பந்தி பரிமாறுவதும் ஆராய்ச்சியில் சேர்ந்துவிடும். பெண்ணாயிருந்தால் அவள் படும் சங்கடத்தை மேடையில் சொல்ல வேண்டியதில்லை. தட்டிக் கேட்டால் “குருத் துரோகம்” என்பார்கள். கட்டை விரலை வெட்டி வாங்கின துரோணனை ஆசாரியன் என்றும், வெட்டிக் கொடுத்த ஏகலைவனை உத்தம சிஷ்யன் என்றும் சொல்லிக்கொடுத்த புராணத்தின் பலன் இது. சுயமரியாதைக்காரன் கேட்க வேண்டியது, விரலைக் கேட்கிறவன் வாத்தியாரா என்பதேயாகும்.

குருவை மும்மூர்த்தியாக்கிச் சுலோகம் பாடுகிற இந்த நாட்டில்தான், குஜராத்தில் காண்டிராக்ட் உதவிப் பேராசிரியர்களுக்கு மாதம் ரூ.30,000 கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அந்த வழக்கை விசாரித்த சுப்ரீம் கோர்ட்டே, சபைகளில் அந்தச் சுலோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் மாத்திரம் போதாது, வாத்தியார்களை நடத்துகிற விதத்திலும் அது தெரியவேண்டும் என்ற கருத்தைச் சொல்லி, உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுக்கும்படி தீர்ப்புச் செய்தது. நாம் சொல்லுவதோ இன்னும் சுலபம். வாத்தியாரைத் தெய்வமாக்க வேண்டாம். தெய்வத்துக்குச் சம்பளம் தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள். மனிதனாக நடத்தினால் போதும்.

உத்தியோகத்துக்கு விலை, மாப்பிள்ளைக்கு விலை

சர்க்கார் உதவி பெறும் தனியார் கலாசாலைகளில் சம்பளம் கொடுப்பது சர்க்கார். அதாவது நீங்கள் கட்டும் வரி. ஆளை நியமிப்பது நிர்வாகம். நீங்கள் கொடுக்கும் சம்பளத்தை இன்னொருவன் ஏலம் விடுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு உண்டா? பல இடங்களில் ஒரு நிரந்தர இடத்துக்கு லட்சக்கணக்கில் “நன்கொடை” கேட்கப்படுகிறது என்பது ஊரறிந்த சங்கதி. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெண்ணைப் பெற்றவனிடமிருந்து வருகிறது. உத்தியோகம் நிரந்தரமாகப் போகிறது என்று சொல்லி வரதட்சணை கேட்பதும், அதை வாங்கி நிர்வாகத்துக்குக் கட்டுவதுமாக, ஒரு பெண்ணின் தகப்பன் கலாசாலை முதலாளிக்குக் கப்பம் கட்டுகிறான். இப்படி நுழைந்த வாத்தியார் பிள்ளைகளுக்கு எந்த நீதியைப் போதிப்பார்?

சர்க்கார் உதவி இல்லாத கலாசாலைகளில் அநேகவற்றின் கதை வேறு. அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்ளுவதும், கோடை லீவில் வாத்தியார்களை ஊர் ஊராய் அனுப்பிப் பிள்ளை பிடித்து வரச் சொல்லுவதும் சகஜமாகிவிட்டது. 2024-ல் அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்த என்ஜினீயரிங் கலாசாலைகளில் ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல கலாசாலைகளில் வாத்தியாராய் இருப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தது அம்பலமாயிற்று. கிருஷ்ணன் ஒரே சமயத்தில் பதினாறாயிரம் வீட்டில் இருந்தான் என்ற கதையை நம்புகிற நாட்டில் இதை நம்பச் சொல்லுவது கஷ்டமா?

பெண்களின் பாடு இதற்கும் மேலானது. பிள்ளை பெறும் வயதும் வேலை நிரந்தரமாக வேண்டிய வயதும் ஒன்றாயிருக்கிறது. சட்டத்தில் 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ லீவு 2017 முதல் இருக்கிறது. ஆனால் வருஷா வருஷம் வேலையைப் புதுப்பிக்க வேண்டியவள், “கர்ப்பமாயிருக்கிறேன்” என்று சொல்லவே பயப்படுகிறாள். பெண் படிக்க வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, படித்த பெண்ணைப் பிள்ளையா வேலையா என்று கேட்பது என்ன நாணயம்?

செய்ய வேண்டியது என்ன?

“கஜானாவில் பணமில்லையே” என்பார்கள். நிரந்தரக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. அதே வேலையைச் செய்கிற மற்றவனுக்கு மட்டும் இல்லையென்றால், அது பணக் குறைவல்ல, மனக் குறைவு. பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிறவன் அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாமல் நிற்கிற வகுப்பில் எந்தப் படிப்பும் வேரூன்றாது. இன்று மிச்சம் பிடிக்கிற காசு நாளைக்கு உங்கள் பிள்ளையின் புத்தியில் குறையும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். காலியிடங்களை வருஷந்தோறும் குறித்த நாளில் பூர்த்தி செய்ய வேண்டும். எந்த இடம் எந்த வகுப்புக்கு என்பதைக் கலாசாலை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். தகுதியில்லை என்று தள்ளினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நிரந்தரமாகும் வரையில் 12 மாதமும் குறைந்தபட்சச் சம்பளமும், பெண்களுக்குப் பிரசவ லீவும் கொடுக்க வேண்டும். சர்க்கார் சம்பளம் கொடுக்கும் இடத்துக்குச் சர்க்கார் பரீட்சை வைத்தே ஆள் எடுக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவனின் புகாரை அவனுடைய வழிகாட்டிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் விசாரிக்க வேண்டும்.

இளம் வாத்தியார்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாதிச் சங்கத்தைப் பிடித்தால் வேலை நிரந்தரமாகும் என்று அலையாதீர்கள். உங்களைப் பிரித்து வைத்திருப்பதே அதுதான். ஆஸ்பத்திரியில் காண்டிராக்ட் நர்சும், முனிசிபாலிட்டியில் காண்டிராக்ட் தோட்டியும் உங்கள் கூட்டாளிகள் என்பதை உணருங்கள். “நாம் டாக்டர் பட்டக்காரர், அவர்களோடு எப்படிச் சேருவது?” என்று நினைத்தால் அந்தப் பட்டமும் ஒரு பூணூல்தான். நிரந்தரமாகிவிட்டவர்களோ, நேற்று வரை தாங்கள் நின்ற வரிசையை மறந்துவிட்டு இன்று கௌரவ விரிவுரையாளர் தலையில் தங்கள் வேலையைக் கட்டுவதை நிறுத்த வேண்டும்.

கிராமத்துத் தோழர்களுக்குச் சொல்லுவது இவ்வளவே. ஜோசியனுக்குக் கொடுக்கும் தட்சணையை நிறுத்துங்கள். உத்தியோகத்துக்கு நன்கொடையும், மாப்பிள்ளைக்கு வரதட்சணையும் கொடுக்க மறுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், “எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் கலாசாலையில் எத்தனை வாத்தியார் இடம்? அதில் எத்தனை காலி? எப்போது பூர்த்தி செய்வாய்?” என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். பதில் சொல்லாமல் அவனை அனுப்பாதீர்கள்.